வெள்ளத்துக்கு வீட்டைத் தயார்செய்வது எப்படி? மதுரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வைகையில் மணலையும் கருவேலத்தையும் பார்த்தே பழகிய ஊர் நம்முடையது. மழை வந்தால் போதும் என்று ஏங்குவோமே தவிர, வந்தால் என்ன செய்வது என்று யோசிப்பது குறைவு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். அதற்கு முன் அக்கம்பக்கத்தில் அடிக்கடி எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வைகை கரை புரண்டால்தானே வெள்ளம்? ஆற்றிலிருந்து தள்ளி இருக்கும் எங்களுக்கு என்ன கவலை?

இந்த நினைப்புதான் முதலில் போக வேண்டும். 2024 அக்டோபர் 25 அன்று செல்லூரிலும் சுற்றுப் பகுதிகளிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அன்று மாலை 3 மணியை ஒட்டி, கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 செ.மீ. மழை கொட்டியதாக அரசு சொன்னது. ஆற்று வெள்ளம் ஊருக்குள் ஏறி வந்த கதை இல்லை அது. ஊரில் பெய்த மழை ஆற்றுக்குப் போக வழியில்லாமல் தெருவில் நின்ற கதை.

மதுரையைச் சுற்றிலும் கண்மாய்கள். மேலே இருக்கும் கண்மாய் நிறைந்தால், உபரி நீர் வழியும் மடையான கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் ஓடையில் இறங்கி அடுத்த கண்மாயைச் சேரும், அது நிறைந்தால் அதற்கும் கீழே, கடைசியில் வைகைக்கோ கிருதுமால் நதிக்கோ போகும். மாடக்குளம், வண்டியூர், செல்லூர், நிலையூர் என எல்லாமே இப்படி ஒரு சங்கிலியில் இருப்பவைதான். சங்கிலியின் நடுவில் பிளாட் போட்டு வீடு கட்டியாகிவிட்டது. தண்ணீருக்கு அது தெரியாது, பழைய வழியிலேயே வருகிறது. ஆகவே, ஆறு எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். உங்கள் தெருவுக்கு மேலே எந்தக் கண்மாய், அதன் மறுகால் எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நாங்கள் இந்த ஏரியாவுக்குப் புதிது.

தெருவில் வயதானவர் யாராவது இருந்தால் அவரிடம் கேட்பதே குறுக்கு வழி. "1993-இல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். அந்த ஆண்டு வைகையில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கையைச் சுவரில் வைத்தே காட்டுவார்கள்.

அடுத்தது ஆவணம். வருவாய்த் துறையின் பட்டா இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் புல வரைபடம் கிடைக்கும். உங்கள் மனைக்கு அருகில் ஓடை, வாய்க்கால், கண்மாய் புறம்போக்கு என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தாளில் வாய்க்கால் இருந்து, தரையில் சிமெண்ட் ரோடு இருந்தால், அடைமழையில் அந்த ரோடே வாய்க்கால்.

மூன்றாவதாக, முதல் நல்ல மழையன்று குடையோடு ஒரு நடை போய்வாருங்கள். தண்ணீர் எந்த முக்கில் தேங்குகிறது, எந்தப் பாலத்தின் கண் குப்பையால் அடைத்திருக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். போட்டோ எடுத்து மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ புகார் கொடுப்பதென்றால் அதுவே சரியான நேரம். நவம்பரில் கொடுக்கும் புகாருக்குப் பலன் தையில்தான் வரும்.

வைகை அணையில் "மூன்றாம் கட்ட எச்சரிக்கை" என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் கட்டம், 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை. மூன்றாம் கட்டத்துக்குப் பிறகு அணைக்கு வரும் தண்ணீரை அப்படியே ஆற்றில் திறந்துவிடத் தொடங்குவார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அணைக்குக் கீழேயும் மஞ்சளாறு, மருதாநதி போன்றவற்றின் தண்ணீர் வைகையில் சேர்கிறது. அணை திறக்கவில்லை என்ற செய்தியை நம்பி ஆற்றுக்குள் மாட்டைக் கட்டிப் போடுவதோ, தரைப்பாலத்தில் வண்டியை இறக்குவதோ சரியல்ல.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை கனமழை. அதற்கு மேல் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதிகனமழை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். ஆனால் எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் கொடுப்பது. திருமங்கலத்தில் வெயில் அடிக்கும்போது மேலூரில் கொட்டித் தீர்ப்பது நமக்குப் புதிதல்ல. மாநில அரசின் டிஎன் அலர்ட் செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "அணை உடைந்துவிட்டது" குரல் பதிவுகளை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

நீளமான பட்டியல் போட்டால் யாரும் செய்யமாட்டார்கள். நான்கு விஷயம் போதும்: தாள்கள், மருந்து, வெளிச்சம், தண்ணீர்.

ஆதார், குடும்ப அட்டை, பத்திரம், பட்டா, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் வைத்து, வீட்டிலேயே உயரமான பரணில் வையுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இரண்டு வாரத்துக்காவது கையில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் கரண்ட் போனால் பதற வேண்டாம். தண்ணீர் ஊற்றி வைத்த மண்பானைக்குள், பாட்டில் நனையாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் சில நாட்களுக்குத் தாங்கும். டார்ச்சும் பவர் பேங்கும் சார்ஜில் இருக்கட்டும். மெழுகுவத்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள், கேஸ் கசிந்திருக்கக்கூடிய வீட்டில் அது வம்பு.

பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்ணோ, டயாலிசிஸ் செய்துகொள்பவரோ வீட்டில் இருந்தால் பை கட்டுவதோடு நிற்காதீர்கள். சிவப்பு எச்சரிக்கை வரும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வாசலில் மண்மூட்டை அடுக்கினோம். ஆனாலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. எப்படி?

பாத்ரூம் வழியாக வந்திருக்கும். தெருவில் சாக்கடை மட்டம் ஏறினால், குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வந்து கழிவறைக் கோப்பையிலும், குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜாலியிலும் பொங்கும். முதலில் ஜாலிக்குள் 'குளுக் குளுக்' என்று சத்தம் கேட்கும். பிறகு சாக்கடைத் தண்ணீர் கறுப்பாக ஒரு கை அளவுக்கு எட்டிப் பார்க்கும். சத்தம் கேட்டவுடன் வேலையில் இறங்கினால் தப்பிக்கலாம்.

கனமான பாலிதீன் பையில் முக்கால் பாகம் மணலை நிரப்பி, காற்றை வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். முக்கால் பாகம்தான், முழுதாக நிரப்பினால் கல்லாகிவிடும், கோப்பையின் வளைவுக்குள் அமராது. அந்தப் பையைக் கோப்பைக்குள் அழுத்தி வைத்து, மேலே இன்னொரு மூட்டை. ஜாலிகளின் மேல் மடித்த ரப்பர் பாய் அல்லது தடித்த துணி, அதன்மேல் மூட்டை. தரைத்தளத்தில் வாஷிங் மெஷின் குழாய் தரையில் இறங்கும் துளையையும் மறந்துவிடாதீர்கள்.

வாசல் மூட்டைகளிலும் இதே கணக்குதான். செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் காலால் மிதித்து உட்காரவைக்க வேண்டும். வரிசைக்குக் கீழே ஒரு தார்ப்பாயை விரித்து, வெளிப்பக்கமாக மேலே மடித்துவிட்டால் கசிவு நன்றாகக் குறையும். இது தண்ணீரை முழுதாக நிறுத்தாது. பொருள்களைப் பரணில் ஏற்ற நேரம் கொடுக்கும், அவ்வளவுதான்.

கரண்ட் விஷயத்தில் என்ன கவனம் வேண்டும்?

தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே மெயினை ஆஃப் செய்யுங்கள். உள்ளே வந்த பிறகு, நனைந்த தரையில் நின்றுகொண்டு மெயின் போர்டைத் தொடவே கூடாது. போர்டுக்குப் போகத் தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தால் விட்டுவிட்டு வெளியேறுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, அதாவது 94987 94987 எண்ணுக்கு, போன் போட்டுத் தெருவின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

பலரும் தவறவிடுவது இன்வெர்ட்டர். ஈபி மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடுதான் இருக்கும். நம் வீடுகளில் பேட்டரியைத் தரையில், மாடிப்படிக்கு அடியில்தான் வைக்கிறோம். மழைக்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள். மெயினை ஆஃப் செய்யும்போது இன்வெர்ட்டரையும் சேர்த்து ஆஃப் செய்ய வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால், தீபாவளிச் செலவில் முதல் செலவாக அதைப் போடலாம்.

தெருவில் ஒயர் அறுந்து தண்ணீரில் கிடந்தால், அந்தத் தெருவில் கால் வைக்காதீர்கள். மின்கம்பத்தில் மாட்டைக் கட்டுகிற பழக்கத்தை மழைக்காலத்திலாவது விட்டுவிடுவோம்.

கேஸ் சிலிண்டர்?

ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரின் மூடியை மாட்டிவிடுங்கள். காலி சிலிண்டர் வெள்ளத்தில் மிதக்கும், முட்டி மோதும். கம்பியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். கசிவு என்றால் 1906.

தரைக்குள் இருக்கும் சம்ப் தொட்டியை மழைக்கு முன் காலி செய்துவிடலாமா?

கூடாது. நேர் எதிராகச் செய்யுங்கள். நல்ல தண்ணீரால் நிரப்பி வையுங்கள். காலித் தொட்டியை, ஊறிய மண் கீழிருந்து மேலே தள்ளும், விரிசல் விடலாம். நிரம்பிய தொட்டிக்குள் அழுக்குத் தண்ணீர் புகுவதும் குறையும். மூடியின் விளிம்பில்தான் ஓட்டை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி விளிம்பைச் சுற்றி வைத்து, மேலே பாலிதீன் விரித்து, மூடியைப் போட்டுப் பாரம் வையுங்கள். மேல்தொட்டியையும் நிரப்பிவிட்டு, மோட்டார் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

எங்களுடையது உசிலம்பட்டி பக்கம் மண்சுவர் வீடு. மழை விட்ட பிறகு பயமில்லைதானே?

மழை விட்ட பிறகுதான் அதிகம் கவனிக்க வேண்டும். அடைமழையில் ஊறிய மண்சுவர், பெய்கிறபோது நின்றுவிட்டு, அடுத்த நாள் வெயிலில் சரிவதுண்டு. அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, புதுக் கீறல் விட்டிருக்கிறதா, கதவு நிலை இறுகிக்கொண்டதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்த வீட்டில் இரவு படுக்க வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படுங்கள். மதில் சுவரை ஒட்டிக் கட்டில் போடவும் வேண்டாம். மதுரை நகருக்குள் பழைய காரை வீடுகளுக்கும் இது பொருந்தும்.

ஆடு மாடுகளை எச்சரிக்கை வந்த அன்றே மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிடுங்கள். ஓட்ட முடியாத நிலை வந்தால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிப் போட்ட மாடுதான் முதலில் சாகும். ஜல்லிக்கட்டுக் காளை வைத்திருப்பவர்களுக்கு அவிழ்க்க மனம் வராது, தெரியும். அதனால்தான் முதல் நாளே ஓட்டச் சொல்கிறேன்.

எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?

மேலே உள்ள கண்மாய்க் கரையில் கசிவு என்று செய்தி வந்தால், அந்த நிமிடமே. மறுகால் பாய்வது வேறு, கரை உடைவது வேறு. மறுகால் பாய்ந்தால் தண்ணீர் படிப்படியாக ஏறும், சாமான் ஏற்ற நேரம் இருக்கும். உடைப்பு எடுத்தால் நேரமே இருக்காது. இரவில் கிளம்புவதைவிட மாலையிலேயே கிளம்புவது நல்லது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. உங்கள் பகுதிக்கு எந்தப் பள்ளி, எந்தச் சமுதாயக் கூடம் முகாம் என்று விஏஓவிடமோ வார்டு அலுவலகத்திலோ இப்போதே கேட்டு வையுங்கள்.

ரயில்வே பாலத்துக்கு அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் நிற்கிறது. பைக்கில் போய்விடலாமா?

வேண்டாம். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம், அதாவது கணுக்காலுக்குச் சற்று மேல் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ. சிறிய காரை மிதக்கவைக்கும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். சுரங்கப்பாதையில் ஆழம் மேலிருந்து தெரியாது. எப்போதும் போகும் வழிதானே என்ற தைரியம்தான் இதில் ஆபத்து. நடந்து போக வேண்டிவந்தால் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள், மூடி இல்லாத மேன்ஹோல் அப்படித்தான் தெரியும்.

நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது கிளப்பினால் உள்ளே ராடு வளையும். இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காத இன்சூரன்ஸில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. டோ செய்து மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

தண்ணீர் வடிந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்ய?

பகலில் நுழையுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து காற்று போக விடுங்கள், கேஸ் வாடை அடிக்கிறதா பாருங்கள். விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். சுத்தம் செய்யும் முன் ஒவ்வொரு அறையையும், சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டையும் போட்டோ எடுத்துவிடுங்கள். நிவாரணத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அந்தக் கோடுதான் சாட்சி. எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயின் ஆஃபிலேயே இருக்கட்டும். மிக்ஸி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் வெளியே உலர்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

பிறகு சேற்றை ஈரமாக இருக்கும்போதே தள்ளுங்கள், காய்ந்தால் சிமெண்டுபோல் பிடித்துக்கொள்ளும். சேற்றை அள்ளி முடித்த பிறகே பிளீச்சிங் பவுடர். லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம், கலக்கித் தரையைத் துடைக்கலாம். பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிவரும். மூடிய பாத்ரூமுக்குள் இரண்டையும் ஊற்றித் தேய்ப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது.

நனைந்த அரிசி, மாவு, திறந்திருந்த மசாலா எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். காய வைத்தால் சரியாகிவிடும் என்று அப்பத்தா சொன்னாலும், சாக்கடை கலந்த தண்ணீர் அது.

கிணற்றுத் தண்ணீரை எப்போது குடிக்கலாம்?

முதலில் இறைக்க வேண்டும். சுற்று மண் ஊறியிருக்கும்போது ஒரே மூச்சில் இறைத்தால் கிணற்றுச் சுவர் சரியலாம், ஆகவே விட்டுவிட்டு. தண்ணீர் தெளிந்த பிறகு குளோரின் கணக்கு. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். 3 மீட்டர் விட்டம், 2 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 14 கன மீட்டர், அதாவது 14,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்ற கணக்கில் 35 கிராம். இது சாதாரண நாள் அளவு. வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளரிடம் அதற்கான சோதனைப் பெட்டி இருக்கும், கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்தே குடியுங்கள். சம்ப் தொட்டிக்கும் இதே கணக்குதான், தேய்த்துக் கழுவிய பிறகு.

பாம்பு வந்தால்?

வரும். அதன் வளையிலும் தண்ணீர் புகுந்திருக்கிறது. மடித்த பாய், அடுக்கிய செங்கல், ஷூ, துணி மூட்டை எதிலும் கையை நேராக விடாதீர்கள். அடிக்க முயலாமல் தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள், பிடித்துப் போவார்கள். தரையில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தூங்குகிறவரைத்தான் கடிக்கும். வலியோ தடிப்போ சரியாகத் தெரியாது, விடிந்து வயிற்றுவலி என்று எழும்போதே நேரம் போயிருக்கும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நகரில் அரசு ராஜாஜி மருத்துவமனை, வெளியே மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் அரசு மருத்துவமனைகள். மந்திரிக்கப் போகும் அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியே போய்ச் சேர்ந்துவிடலாம்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வருகிறது. வெள்ளத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில், காலில் புண்ணோடு நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் டாக்டரிடம் "வெள்ளத் தண்ணீரில் நடந்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். தடுப்பு மாத்திரையும் டாக்டர் சொன்னால் மட்டுமே. டெங்கு கொசுவோ சாக்கடையில் முட்டை இடாது. ஆட்டுரல், டயர், தேங்காய்ச் சிரட்டையில் நிற்கும் தெளிந்த நீரில் இடும். வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட்டால் முடிந்தது. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்கவில்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

பத்திரம் நனைந்துவிட்டது. நிவாரணத்துக்கு யாரைப் பார்ப்பது?

நனைந்த தாளை வெயிலில் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்காமல், இடையில் மை இல்லாத வெள்ளைத் தாளைச் செருகி, நிழலில் ஃபேன் காற்றில் காயவிடுங்கள். தாளை அவ்வப்போது மாற்றுங்கள். அழிந்தே போனால் பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆதாருக்கும் குடும்ப அட்டைக்கும் இ-சேவை மையம்.

நிவாரணத்துக்கு முதலில் விஏஓ, பிறகு தாசில்தார். விஏஓ வந்து பார்க்கும் முன் இடிந்த சுவரை அகற்ற வேண்டிவந்தால், போட்டோ எடுத்துவிட்டு அகற்றுங்கள். ஆடு மாடு இறந்திருந்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுச் சான்று வாங்கிவிடுங்கள், புதைத்த பிறகு அந்தச் சான்றைத் தர அவராலும் முடியாது. மனுவை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.